திமிலும் வாலும்

உங்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் படங்களின் பின்பக்கத்தை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே தூசு இருக்கும், கடைக்காரன் ஒட்டிய சீட்டு இருக்கும், எட்டுக்கால் பூச்சி ஒன்று குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். ஆணி கழன்று கீழே விழுந்தாலொழிய அந்தப் பக்கத்தோடு நமக்கு என்ன வேலை?

குட்டச்சியும் பார்த்ததில்லை. இருபத்தேழு வருடமாக.

குட்டச்சி என்பது அவள் அண்ணன் வைத்த பெயர். ஸ்டூல் போட்டு ஏறினால்தான் அவளுக்கு எதுவும் எட்டும். இப்போது ஐம்பத்திரண்டு வயதாகிறது. சொந்த ஊரை விட்டு வெகு தூரத்தில், பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் தாள்களைச் சோதித்துச் சொல்லும் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே அவளை எல்லோரும் மேடம் என்பார்கள். குட்டச்சி என்று கூப்பிட இந்த உலகத்தில் இன்னும் ஒரே ஓர் ஆள்தான் பாக்கி. அது அண்ணி.

ஒரு வியாழக்கிழமை மதியம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. கம்ப்யூட்டரில்தான். எழுதியது ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்.

"உங்கள் இருவருடைய பழைய கட்டுரையைப் படித்தேன். முதல் முகவரிக்கு எழுதினால் திரும்பி வந்துவிட்டது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் செய்த அதே பெப்டைடை நானும் செய்தேன். ஐந்து தடவை செய்துவிட்டேன். வரைபடத்தில் 1673 என்ற எண்ணுக்கு நேராக உங்களுக்கு வந்த மேடு எனக்கு வரவே இல்லை. எனக்குக் கை சரியில்லை என்று என் பேராசிரியர் சொல்கிறார். இன்னும் இரண்டு மாதம்தான் எனக்கு அவகாசம். கட்டுரையில் 1700-இலிருந்து 1600 வரைதான் அச்சாகியிருக்கிறது. முழு வரைபடம் உங்களிடம் இருக்குமா? எத்தனை முறை கழுவினீர்கள்?"

முதல் முகவரி அண்ணனுடையது. அவன் போய் ஆறு வருடமாகிறது.

கடைசிக் கேள்வியைப் படித்ததும் குட்டச்சிக்குச் சுருக்கென்றது. எத்தனை முறை கழுவினீர்கள் என்று அவளிடமா கேட்பது? மூன்று முறை. இதென்ன கேள்வி? பல் தேய்த்தாயா என்று கேட்கிற மாதிரி.

அப்புறம் வேலை ஓடவில்லை. அவள் மேஜையில் இருக்கும் கருவி டிபன் பாக்ஸ் அளவுதான். பிளாஸ்டிக் துண்டை வைத்து அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் கோடு போட்டுக் காட்டிவிடும். அன்று ஒரே துண்டை மூன்று தடவை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். மனசு அந்தப் பழைய அறையில் இருந்தது.

அந்த அறையை நீங்களும் பார்க்க வேண்டும். நீளமான அறை, ஜன்னல் கிடையாது. நடுவில் சமையல் மேடை அளவுக்கு ஓர் இயந்திரம். அதற்குள் ஈரமில்லாத காற்று ஒரு குழாய் வழியாக ஸ்ஸ்ஸ் என்று ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். அண்ணன் பக்கத்து அறையில் பெப்டைடு செய்வான், தங்கை இந்த அறையில் அளப்பாள்.

பெப்டைடு என்பது மணி கோத்த சரம் மாதிரி. ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். சரம் நீளமாக வளர்ந்தால் சும்மா கிடக்காது. ஸ்பிரிங் மாதிரி சுருண்டுகொள்ளும், இல்லாவிட்டால் மடித்த துணி மாதிரி தட்டையாகப் படிந்துகொள்ளும். எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. அகச்சிவப்பு ஒளியை அதன் வழியே விட்டால் சரத்தின் இணைப்புகள் அதிரும். சுருண்டிருந்தால் ஒரு மாதிரி, தட்டையாக இருந்தால் வேறு மாதிரி. அந்த அதிர்வை இயந்திரம் எண்ணாக்கிக் கோடு போட்டுக் காட்டும். 1650 பக்கத்தில் மேடு வந்தால் சுருள். 1630 பக்கத்தில் வந்தால் தட்டை. 1670 பக்கத்தில் வந்தால் சரம் எங்கோ வளைகிறது. வாசலில் வருவது யார் என்று செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறோமே, அதே கதைதான்.

ஆனால் இயந்திரத்துக்கு மூச்சுக்காற்று ஆகாது. நாம் விடுகிற மூச்சில் இருக்கும் ஈரம் அதே இடத்தில் முள் முள்ளாகக் கோடு போட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடும். அதனால் மாதிரி வைக்கும் மூடியைத் திறந்தால் குட்டச்சி காவல்காரியாகிவிடுவாள். "தள்ளி நில்லு, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பு" என்று விரட்டுவாள். அண்ணன் அடங்குகிற ஆளா? கன்னத்தை இரண்டு பலூனாக ஊதிக்கொண்டு, கண் பிதுங்க, மூச்சைப் பிடித்தபடியே உள்ளே வருவான். சுவரில் சாய்ந்து நின்று கையால் சைகை காட்டுவான்.

"என்னண்ணா வேணும்? சொல்லித் தொலை."

மூக்கைக் காட்டி, ஒரே ஒரு சொட்டு விட்டுக்கலாமா என்று விரலால் கேட்பான்.

"வெளிய போய் விடு!"

ஓடிப்போய் வராந்தாவில் புஸ்ஸென்று விடுவான். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். படித்த பிள்ளைகளா இதுகள் என்று.

கழுவுகிற வேலை அண்ணனுடையது. பெப்டைடைச் சுத்தம் செய்ய ஓர் அமிலம் சேர்ப்பார்கள். டி.எஃப்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வது. அது லேசில் போகாது. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகும் கிளம்பாத விருந்தாளி மாதிரி சரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு அதுவும் 1673-இலேயே மேடு போடும். அதைத் துரத்த, சரத்தை வேறோர் அமிலத்தில் கரைத்து, உறைய வைத்து, ராத்திரி முழுக்க உலர்த்த வேண்டும். காலையில் குப்பிக்குள் பஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கும். இது ஒரு கழுவல். மூன்று கழுவல் கட்டாயம். ஒவ்வொரு கழுவலுக்கும் குப்பி மூடியில் அண்ணன் மசியால் ஒரு புள்ளி வைப்பான். மூன்று புள்ளி இருந்தால் தங்கை கேள்வி கேட்காமல் எடுத்து அளக்கலாம். இது அவர்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு.

அந்த மேடு வந்த நாள் அவளுக்கு நேற்று போல இருக்கிறது.

அண்ணி அப்போது நிறைமாதம். முந்தின நாளிலிருந்தே வராந்தா போன் அடித்துக்கொண்டிருந்தது. வலி மாதிரி இருக்கிறது என்பார்கள். பத்து நிமிடத்தில், இல்லை, சும்மா என்பார்கள். அண்ணன் போனுக்கும் மேஜைக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தான். பதினோரு மணிக்கு குட்டச்சி போய்ப் பார்த்தபோது குப்பி மேஜைமேல் இருந்தது. உள்ளே வெள்ளைப் பஞ்சு. மூடியில் மூன்று புள்ளி. எடுத்து வந்து அளந்தாள்.

இயந்திரம் கணக்குப் போட்டு முடித்ததும் அதன் பேனா வரையத் தொடங்கியது. நீளமான சார்ட் தாள். இடது பக்கம் 1800-இல் ஆரம்பித்து வலது பக்கம் ஆயிரம் வரை போகும். பேனா 1673-க்கு வந்ததும் நிமிர்ந்தது. யாரும் எதிர்பார்க்காத ஒரு சின்ன முதுகு. அப்புறம் வழக்கமான பெரிய மேடு.

"அண்ணா! இங்க வந்து பாரேன்!"

மூச்சைப் பிடிக்க மறந்தே ஓடி வந்தான்.

"என்ன இது? மாட்டுக்குத் திமில் மாதிரி?"

"சரம் அந்த இடத்துல வளையுது அண்ணா. இவ்வளவு சின்ன சரம் வளையும்னு யாருமே சொல்லல."

"அப்ப நாம சொல்லுவோம்டி!" என்று அவள் தலையில் தட்டினான்.

இன்னொரு தடவை அளந்துவிடலாம் என்று அவள் திரவ நைட்ரஜன் எடுத்துவரக் கீழே போனாள். இயந்திரத்தின் கண்ணைக் குளிரவைக்க அதை அடிக்கடி ஊற்ற வேண்டும், கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி. வெள்ளைப் புகை வழிய வழியக் குடுவையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தால் அண்ணன் இல்லை. சார்ட்டின் வலது பக்கத்தை ஒரு சாண் அளவுக்குக் கிழித்து, பின்பக்கம் நாலு வரி எழுதி, இயந்திரத்தின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"குட்டச்சி, நிஜமான வலியாம். நான் ஓடறேன். மெஷினை அணைச்சுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வா. நீ அத்தை ஆகப்போற."

அந்தத் துண்டைத்தான் அவள் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறாள். நாலு வீடு மாறினாள், இரண்டு முறை கடல் தாண்டினாள். துணிமணியைக்கூட விட்டுவிட்டு வந்திருக்கிறாள், இதை விட்டதில்லை. திமில் இருந்த இடது பாதியை அண்ணன் சட்டம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டினான். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மிச்சமிருந்த பஞ்சையும் அந்தக் குப்பியிலிருந்தே எடுத்து இரண்டு தடவை அளந்தார்கள். இரண்டு தடவையும் திமில் வந்தது. அந்த அளவுகளையும் இடது பாதியையும் வைத்துத்தான் கட்டுரை எழுதினார்கள். அதோடு ஆராய்ச்சிக்குப் பண உதவி நின்றுபோனது. அண்ணன் பள்ளிக்கூடத்து வாத்தியாரானான். சாகிறவரை ஒவ்வொரு வகுப்பிலும் திமில் கதையைச் சொன்னான். அவன் பெயர் போட்டு அச்சான கட்டுரை அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் குட்டச்சி அறைக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் இருந்த துண்டைப் பார்த்தாள். அண்ணனின் எழுத்து. 'ஓடறேன்' என்பதில் கடைசி எழுத்து நிஜமாகவே ஓடியிருந்தது. எழுத்துகளுக்குப் பின்னால் மங்கலாக இரண்டு நிழல் தெரிந்தது. அதை அவள் எப்போதும் மடிப்பு என்றே நினைத்திருந்தாள்.

முழு வரைபடம் உங்களிடம் இருக்குமா என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள்.

டி.எஃப்.ஏ. தனியாக வருவதில்லை. 1673-இல் அது வந்தால், வலது பக்கம் 1200-இலும் 1140-இலும் அதன் இரட்டைப் பிள்ளைகள் கட்டாயம் நிற்கும். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குட்டச்சிக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குப் பேனா அந்த இடத்துக்கு வந்தபோது அவள் மாடிப்படியில் இருந்தாள். திரும்பி வந்தபோது அந்த இடம் ஒரு கடிதமாகியிருந்தது. அடுத்த இரண்டு தடவையும் திமில் இருக்கிறதா என்று பார்க்கிற அவசரத்தில் 1700-இலிருந்து 1600 வரை மட்டும் ஓட்டினாள்.

எழுந்து சட்டத்தை இறக்கினாள். பின்னால் நாலு ஆணி. இரண்டு கையோடு வந்துவிட்டன, இரண்டைக் கத்தியால் நெம்பினாள். அட்டையை எடுத்தாள்.

இரண்டு பேரும் நின்றார்கள். 1200-இல் ஒருவன், 1140-இல் ஒருவன். ஒட்டிப் பிறந்த மாதிரி, நெடுநெடுவென்று.

மூன்று புள்ளி இருந்ததே? சத்தியமாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு ஒரு பழைய சண்டை ஞாபகம் வந்தது.

"கழுவி முடிச்சிட்டுப் புள்ளி வைண்ணா. நீ முதல்ல புள்ளிய வச்சிட்டு அப்புறம் கழுவற."

"புள்ளி வச்சாதான்டி கழுவணும்னு எனக்கு ஞாபகம் வரும். நீ பொட்டு வச்சிட்டுக் கிளம்பறியா, கிளம்பிட்டுப் பொட்டு வக்கிறியா?"

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் மூன்றாவது புள்ளியை வைத்திருக்கிறான். குப்பியைத் திறப்பதற்குள் போன் அடித்திருக்கிறது. பஞ்சு பஞ்சாகவே இருந்தது. இரண்டாவது கழுவலின் பஞ்சும் மூன்றாவதின் பஞ்சும் பார்க்க ஒன்றுதானே. அவள் கேட்கவில்லை. கழுவிவிட்டோம் என்று அவன் நம்பினான். குழந்தை பிறந்த வீட்டில் யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

அண்ணிக்குப் போன் போட்டாள்.

"என்னடி குட்டச்சி, அதிசயமா இருக்கு! ஞாயித்துக்கிழமைதானே உனக்கு அண்ணி ஞாபகம் வரும்?"

"அண்ணி, ஹால்ல அண்ணன் மாட்டினது இருக்கா?"

"இல்லாம எங்க போகும்? வர்றவங்க எல்லாம் யாருக்கு ஈசிஜி எடுத்தீங்கன்னு கேக்கறாங்க. நம்ம பொண்ணப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டாங்களே, பயந்துட்டாங்க. இதயக்கோளாறு பரம்பரையா வருமோன்னு."

"அதோட வலது ஓரம் எப்படிக் கிழிஞ்சிருக்குன்னு பாருங்களேன்."

அண்ணி செருப்பில்லாமல் ஹாலுக்கு நடக்கிற சத்தம் கேட்டது.

"கிழிஞ்ச லட்சணத்தக் கேக்கவா போன் பண்ண? நாய் கடிச்ச மாதிரி இருக்கு. கீழ மட்டும் மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது."

குட்டச்சி கையில் இருந்த துண்டில், கீழே, ஒரு மூக்கு அளவுக்குப் பள்ளம் இருந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடிதம், கழுவல், புள்ளி, இரட்டைப் பிள்ளைகள். அண்ணிக்கு வேதியியல் தெரியாது. ஆனால் இருபது வருடம் திமில் கதையைக் கேட்டுக் கேட்டு, கழுவல் என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும்.

"ஆக, அந்தத் திமில் பொய்ங்கற."

"அது அமிலம் அண்ணி. சரம் வளையவே இல்ல."

"எனக்கு வலி எடுத்ததாலதான் எல்லாம். அதானே சொல்ல வர்ற?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்வேனா?"

"பின்ன? ஒரு பிள்ளைய பெத்ததுக்கு இருபத்தேழு வருஷம் கழிச்சு நாத்தனார்கிட்ட பேச்சு வாங்கணும்னு என் தலையில எழுதியிருக்கு." குரலில் சிரிப்பு இருந்தது. பிறகு அது போய்விட்டது. "வேண்டாம் குட்டச்சி. விட்டுடு. அவர் இருந்து பதில் சொல்ல முடியுமா? அந்த மனுஷனுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். எவ்வளவோ வருஷமா நிக்குது. நாம போற வரைக்கும் நிக்கட்டும். பேப்பர் தொலஞ்சு போச்சுன்னு அந்தப் பொண்ணுக்கு எழுதிப் போடு. உங்கிட்ட யாரு வந்து தேடப்போறா?"

குட்டச்சிக்கும் அந்த யோசனை வராமலில்லை. சட்டத்தை இறக்குவதற்கு முன்பே வந்தது. தொலைந்துவிட்டது என்று ஒரு வரி. அவ்வளவுதான். அண்ணனும் ஹாலில் அப்படியே இருப்பான்.

"அந்தப் பொண்ணு அஞ்சு தடவ செஞ்சிருக்கா அண்ணி. அஞ்சு தடவையும் ஒழுங்கா கழுவியிருக்கா. அதனாலதான் அவளுக்குத் திமில் வரல. உனக்குக் கை சரியில்லைன்னு அவ வாத்தியார் திட்டறாராம்."

போனில் தூரத்தில் குக்கரோ எதுவோ விசில் அடித்தது. அண்ணி அடுப்பை அணைக்கப் போனாள், வந்தாள்.

"சின்னப் பொண்ணா?"

"நம்ம பொண்ணு வயசு இருக்கும்."

"அவர் இருந்தா என்ன பண்ணியிருப்பாருடி?"

குட்டச்சி யோசித்தாள். "முதல்ல ரெண்டு நாள் யார்கூடவும் பேசமாட்டான். மூணாவது நாள் அந்தப் பொண்ணுக்கு அவனே போன் பண்ணி, நான்தாம்மா அந்தக் கழுவாத மடையன்னு சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். அப்புறம் இந்தக் கதையவும் கிளாஸ்ல சொல்லுவான்."

"ஆமா. செய்வார்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "சிரிச்சே கழுத்த அறுப்பார்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. குட்டச்சிக்கு அந்த ஸ்ஸ்ஸ் என்ற குழாய்ச் சத்தம் காதில் கேட்ட மாதிரி இருந்தது. கன்னத்தை ஊதிக்கொண்டு ஒருவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"அந்தத் துண்டுல என்ன எழுதியிருக்கார்? திரும்பப் படி."

குட்டச்சி படித்தாள். ஆயிரம் தடவை படித்ததுதான். 'நீ அத்தை ஆகப்போற' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தாள்.

"நிஜமான வலியாம், பாரு. அதுக்கு முன்னாடி நான் பட்டதெல்லாம் பொய்யா?" என்றாள் அண்ணி. பிறகு, "அனுப்பறதா இருந்தா ஒரு பக்கத்த மட்டும் அனுப்பாத. ரெண்டு பக்கத்தையும் அனுப்பு. கழுவலன்னு தெரியறப்ப, ஏன் கழுவலன்னும் அந்தப் பொண்ணுக்குத் தெரியணும்."

"சரி அண்ணி."

"ஹால்ல இருக்கறத எடுக்க மாட்டேன். சொல்லிட்டேன். ஈசிஜின்னா ஈசிஜியாவே இருந்துட்டுப் போகட்டும்."

"எடுக்க வேணாம் அண்ணி. ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்க. ரெண்டு பாதியும் சேரணும்."

"எனக்கு எங்க போட்டோ எடுக்கத் தெரியும்? உன் மருமககிட்ட சொல்றேன். காலையில பார்க்கலாம். நீ சாப்ட்டியா?"

"இல்ல."

"போய்ச் சாப்பிடு முதல்ல. பெரிய ஆராய்ச்சி."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஹால் படத்தின் போட்டோ வந்தது. குட்டச்சி அதையும், தன் துண்டின் இரண்டு பக்கங்களின் போட்டோவையும், இரண்டு முறைதான் கழுவியிருந்தோம் என்று எழுதிய ஆறு வரிக் கடிதத்தையும் அந்தப் பெண்ணுக்கு அனுப்பினாள். கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். பிறகு துண்டைச் சட்டத்தில் வைத்து, நாலு ஆணியையும் அடித்து, பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு, எட்டு மணி பஸ்ஸில் வேலைக்குப் போனாள்.